கட்டில் பின்னுகிறவனின் ஊசியும் ஆமூர் மல்லனும்

(பஹ்ரைன், குதைபியாவில் தமிழ் அன்பர்கள் கூடியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை இரவு நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

உங்களில் பலருக்குக் காலையில் டியூட்டி உண்டு, கம்பெனி வண்டி காத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் முன்னுரையை விட்டுவிட்டு நேரே கோதாவுக்குள் இறங்கிவிடுகிறேன்.

ஆமூரில் ஒரு மற்போர் நடந்தது. ஒரு பக்கம் பேர்போன மல்லன். எதிர்ப்பக்கம் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. உறையூர்த் தித்தனின் மகன், தகப்பனோடு பிணக்கு, சொந்த ஊரை விட்டு வந்து இருப்பவன். புறநானூற்றில் 80 முதல் 85 வரை ஆறு பாட்டுகள் இவனைப் பற்றியவை. மூன்றைப் பாடியவர் சாத்தந்தையார், மற்ற மூன்றைப் பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். 1894-ல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவராதிருந்தால் இந்தக் குஸ்தி நமக்கு இவ்வளவு எளிதாகக் கண்ணில் பட்டிருக்காது.

இந்த ஆறில் 82-ஆம் பாட்டு ஆறே அடி. மற்போர் எப்படி நடந்தது என்று சொல்ல வந்த புலவர், மல்லனின் தோளைச் சொல்லவில்லை, பிடியைச் சொல்லவில்லை, யார் கீழே விழுந்தார் என்பதைக்கூடச் சொல்லவில்லை. அவர் காட்டுவது கட்டிலுக்கு வார் பின்னுகிற ஒரு தொழிலாளியை. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. அவன் அங்கே போயாக வேண்டும். வீட்டில் மனைவிக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. அவன் அங்கேயும் இருந்தாக வேண்டும். மழை கொட்டுகிறது. பொழுது சாய்ந்துவிட்டது, இன்னும் சற்று நேரத்தில் கண் தெரியாது. கையிலோ பின்னி முடிக்காத கட்டில். அப்போது தோல்வாரை இழுத்துக்கொண்டு அவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைவாகப் போய்வரும்? ஊரைக் கைக்கொள்ள வந்த மல்லனோடு நம் ஆள் நடத்திய சண்டை அதைவிட விரைவு என்கிறார். பாட்டு அவ்வளவுதான்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, அவசரங்கள் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன என்பது. நான்கும் நான்கு விதம். திருவிழா ஊரின் அவசரம். பிள்ளைப்பேறு வீட்டின் அவசரம். மழை வானத்தின் அவசரம், சாய்ந்த பொழுது காலத்தின் அவசரம். நாலு பக்கமும் ஒரே சமயத்தில் ஒரு மனிதனின் விரலை வந்து நெருக்குகின்றன. வெறுமனே ‘மின்னல் வேகம்’ என்று சொல்லியிருந்தால் நாம் தலையாட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போயிருப்போம். மின்னலுக்கு வீட்டில் பிள்ளை பிறக்கப்போவதில்லை. அதன் வேகத்தில் பதற்றம் கிடையாது.

இரண்டாவது, அவசரம் எவ்வளவு இருந்தாலும் ஊசி தப்பக்கூடாது. கட்டில் பின்னுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாரின் மேல் ஏறி, அடுத்த வாரின் கீழ் நுழைந்து, மறுபடி மேலே வர வேண்டும். ஓர் இடத்தில் தவறினால் அத்தனையையும் பிரித்துவிட்டுத் திரும்பப் பின்ன வேண்டும். மற்போரும் அப்படித்தான். மேல்பிடி, கீழ்ப்பிடி, கால் உள்ளே, கை வெளியே. எதிராளி ஒன்று செய்ய, அதற்குள் நுழைந்து நாம் ஒன்று செய்ய வேண்டும். ஆக, சாத்தந்தையார் வேகத்துக்கு மட்டும் உவமை தேடவில்லை. பிசகாத வேகத்துக்குத் தேடியிருக்கிறார். பின்னலின் வடிவமே பிடிகளின் வடிவம். நான் படித்த அளவில் விளையாட்டைப் பற்றிய உவமைகளில் இதற்கு மேல் ஒன்றை எந்த மொழியிலும் கண்டதில்லை. மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால், பெருநாளுக்கு முந்தின இரவில் குதைபியாவின் தையற்கடை ஒன்றில் போய் நின்று பாருங்கள். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். வாசலில் வாடிக்கையாளர் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மேசைமேல் போன் அதிரும், ஊரிலிருந்து வீட்டுக்காரி. தையற்காரர் தலையைத் தூக்காமல் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார். உதட்டில் ஒரு நூல், விரலில் ஒரு நூல். ஊசி உள்ளே போவதும் வெளியே வருவதும் தனித்தனியாகத் தெரியாது. ஆனால் ஒரு பொத்தான்கூடத் தள்ளிப் போயிருக்காது.

இப்போது ஒரு சிக்கல். தொல்காப்பியர் உவமவியலில் ஒரு விதி வைத்திருக்கிறார். உவமையாக எடுக்கும் பொருள், சொல்ல வந்த பொருளைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அது. இங்கே சொல்ல வந்த பொருள் சோழ அரசகுமாரன். உவமையாக வந்தவனோ கட்டில் பின்னுகிற கூலி. அவனைக் குறிக்கப் பாட்டில் வருகிற சொல் சாதித் தாழ்வைக் காட்டும் சொல். இன்று மேடையில் சொல்ல எனக்கு நாக் கூசுகிறது. அப்படியானால் சாத்தந்தையார் இலக்கணத்தை மீறிவிட்டாரா?

மீறவில்லை என்பது என் கட்சி. அதே தொல்காப்பியர் உவமை பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: வினை, பயன், மெய், உரு. செய்யும் செயல், அதனால் விளையும் பலன், வடிவம், நிறம். சாத்தந்தையார் அரசனையும் தொழிலாளியையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கவில்லை. இருவருடைய செயலைத்தான் நிறுத்துகிறார். செயலில் பார்த்தால் அந்த மழைமாலையில், அந்த ஊரில், அவன் கையைவிட உயர்ந்த கை எது? அரசனுடைய வேகத்தை அளக்க நாட்டில் கிடைத்த ஒரே அளவுகோல் ஓர் எளியவனின் விரல். அவனைப் பழித்த சொல்லும் அவன் கையை உச்சியில் வைத்த உவமையும் ஒரே அடியில் இருக்கின்றன. அந்தக் காலத்துச் சமூகமும் அந்தப் புலவரின் கண்ணும் எவ்வளவு விலகி நின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நான் இன்று சொல்ல வந்ததும் இந்த வினையைத்தான். விளையாட்டைப் பாடுகிறவன் ஆட்டக்காரனைப் பார்த்து உவமை தேடினால் புலி, சிங்கம், மலை, புயல் என்று நாலு சொல்லோடு கை காலியாகிவிடும். அசைவைப் பார்த்துத் தேடினால்தான் ஊசி கிடைக்கும்.

சாத்தந்தையாருக்குப் பெரிய உவமை தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். 81-ஆம் பாட்டில் இதே கிள்ளியின் படையைப் பற்றிச் சொல்லும்போது கடல் வருகிறது, மழைக்கால இடி வருகிறது. படையென்றால் கடல்; அது வழக்கம். ஆனால் இரண்டு உடம்புகள் தழுவிப் புரளும் கோதாவுக்கு வரும்போது கடலை வெளியே நிறுத்திவிடுகிறார். 80-ஆம் பாட்டைப் பாருங்கள். அதில் மட்டும் பிடி தெரிகிறது. ஒரு முழங்கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்கிறது. இன்னொரு கால் அவன் செய்யும் தந்திரத்தைத் தடுத்து முதுகை வளைக்கிறது. இதற்கு உவமை, பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வது. யானை வருகிறதே, இதுவும் பழைய பாட்டுத்தானே என்று கேட்கலாம். யானை கம்பீரத்துக்காக வரவில்லை. மூங்கிலை வளைக்கும்போது நுனியும் அடியும் இரண்டு பக்கமும் முறிகின்றனவே, அந்த முறிவுக்காக வருகிறது. மல்லனின் தலையும் காலும் அப்படி முறிகின்றன. உவமையில் முதலிடம் மூங்கிலுக்குத்தான். பாட்டில் இவ்வளவுதான் இருந்திருந்தால் நல்ல வர்ணனை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நடுவில், மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இதைத் தித்தன் வந்து பார்க்கட்டும் என்கிறார். தகப்பன் பார்க்காத வெற்றி அது. ஊரில் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இங்கே வந்து உழைக்கிற பிள்ளைகளுக்கு அந்த வரிக்கு உரை தேவைப்படாது.

நக்கண்ணையார் பார்வையாளர். அதிலும் காதலோடு பார்க்கிற பார்வையாளர். அவர் பாட்டுகளைக் கைக்கிளை என்று வகுத்திருக்கிறார்கள். ஒருதலைக் காதல். 84-ஆம் பாட்டில் அவர் கிள்ளி கூழ் குடித்தாலும் பெருந்தோளன். அவன் களம் இறங்கினால், திருவிழா ஊரில் அதுவரை செருக்கித் திரிந்த மல்லர்களுக்கு எப்படி இருக்கிறான் தெரியுமா? உப்பு வணிகர் கண்டு நடுங்குகிற ஆற்றுத்துறை போல இருக்கிறான்.

இங்கே சற்று நிற்க வேண்டும். உமணர் என்கிற உப்பு வணிகர் வண்டி நிறைய உப்பை ஏற்றி நெடுந்தூரம் போகிறவர்கள். காட்டில் புலி வந்தால் தீப்பந்தம் இருக்கிறது, கள்ளன் வந்தால் தடி இருக்கிறது. பள்ளமான ஆற்றுத்துறைக்கு என்ன செய்வது? வண்டி ஒருமுறை சாய்ந்தால் முதல் முழுவதும் கரைந்து போகும். பொறுக்கி எடுக்க முடியாது. கிள்ளியிடம் மாட்டிய மல்லனின் பேரும் அப்படித்தான். தோல்வி என்றால் அடிபடுவது என்று நாம் நினைத்திருக்க, கரைவது என்கிறார் இந்த அம்மையார். இந்த உவமையும் அரண்மனையிலிருந்து வரவில்லை, வண்டிக்காரர்களின் பிழைப்பிலிருந்து வருகிறது.

85-ஆம் பாட்டில் அவர் ஒரு உண்மையைச் சொல்லித் தொடங்குகிறார். இது கிள்ளியின் ஊர் இல்லை, இது அவன் நாடும் இல்லை. அதனால் கூட்டம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. ஒரு சாரார் வெற்றி அவனுக்கு என்கிறார்கள். மறு சாரார் இல்லை என்கிறார்கள். இரண்டையும் கேட்க நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், முழவு போல அடி பருத்த பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வெல்வதைத் தன் கண்ணாலேயே பார்க்கிறார். நம்மூரின் முதல் நேரடி வர்ணனை இதுதான் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆராய்ச்சியாளர்கள் யாரும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி, நாம் நிற்கிற மண்ணுக்கு வருவோம். பஹ்ரைன் என்ற பேர் பழைய நாளில் இந்தத் தீவை மட்டும் குறித்ததில்லை. எதிரே அரேபியாவின் கீழ்க்கரை முழுவதற்கும் அதுவே பெயர். அந்தப் பஹ்ரைன் தந்த கவிஞர் தரஃபா. ஆறாம் நூற்றாண்டுக்காரர், இளவயதிலேயே கொல்லப்பட்டவர் என்பது மரபு. அரபியின் பழம்பெரும் நெடுங்கவிதைகளான முஅல்லகாத்தில் ஒன்று அவருடையது. காதலியின் கூட்டம் ஒட்டகப் பல்லக்குகளில் பிரிந்து போவதைக் கப்பல்கள் போவதாகப் பார்க்கிறார். கப்பலின் முகப்பு அலையைப் பிளப்பதற்கு அவர் சொல்லும் உவமை ஒரு மணல் விளையாட்டு. ஒரு பொருளை மண் குவியலில் ஒளித்து, குவியலைக் கையால் இரண்டாகப் பிளந்து, எந்தப் பாதியில் இருக்கிறது என்று கேட்கிற ஆட்டம்.

உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். ஆமாம், கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தின் பங்காளிதான். நாம் மணலை நீளமாக வரப்புப் போலக் கட்டி, குச்சியை உள்ளே நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் விட்டுவிடுவோம். எதிராளி கைகளைக் கோத்து ஓரிடத்தில் பொத்துவான். இவர்கள் குவித்துப் பிளந்தார்கள். தரஃபா கப்பலின் பருமனைப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளங்கை ஓரம் மணலுக்குள் இறங்கும்போது இரண்டு பக்கமும் சரிந்து ஒதுங்குமே, அந்தச் சரிவைப் பார்த்திருக்கிறார். பிரிகிற கூட்டத்தில் அவளும் இருக்கிறாள். எந்தப் பக்கம் போனாள், தேடினால் கிடைப்பாளா என்கிற கேள்வியும் அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இது என் வாசிப்பு. அரபி அறிந்தவர்கள் மறுக்கலாம்.

அதே முஅல்லகாத்தில் இம்ருல் கைஸின் வேட்டைக் குதிரை வருகிறது. வேட்டையும் அன்றைய விளையாட்டுத்தான். அந்தக் குதிரைக்கு அவர் சொன்ன ஓர் உவமை உலகப் புகழ் பெற்றது: வெள்ளம் மலையுச்சியிலிருந்து உருட்டிவிட்ட பாறை. எனக்கு அதைவிடப் பிடித்தது சற்றுத் தள்ளி வருகிறது. சிறுவன் ஒருவன் நூலில் கோத்த வட்டைக் கைகள் மாறி மாறி இழுக்க விர்ரென்று சுழலவிடுகிறானே, அதுபோல் ஓடுகிறது குதிரை என்கிறார். சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, நடுவில் இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து நாம் சுழற்றியதும் அதுதான். அவர் சொன்ன நூல் முடிச்சுப் போட்டு ஒட்டுச் சேர்த்த நூல் வேறு. பையன் எத்தனை முறை அறுத்து முடிந்தானோ! சாத்தந்தையாரிடம் கையும் வாரும், இவரிடம் கையும் நூலும். ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியே இல்லாத இரண்டு கவிஞர்கள் வேகம் என்றதும் வானத்தைப் பார்க்காமல் விரலைப் பார்த்திருக்கிறார்கள்.

பெரிய உவமை எப்போதும் தோற்கும் என்று நான் சொல்லவில்லை. முல்லைக்கலியில் ஏறுதழுவுதலைப் பாடும் சோழன் நல்லுருத்திரன் எடுப்பதெல்லாம் பெரிய உவமைதான். கலித்தொகை 101-ல், தன்மேல் பாய்ந்த ஆயனைக் காளை கொம்பில் குத்திக் குலைக்கிறது. அது துச்சாதனனின் நெஞ்சைப் பிளந்த வீமனைப் போல இருக்கிறதாம். எமனின் எருமையைப் பிளக்கும் சிவனும், தகப்பனைக் கொன்றவனை இரவில் வந்து பழிதீர்க்கும் அசுவத்தாமனும் அதே பாட்டில் அடுத்தடுத்து வருகிறார்கள். செயலோடு செயல் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. காளை வீமன் என்றால், கொம்பில் தொங்குகிற ஆயன் யார்? துச்சாதனன். அவன் என்ன குற்றம் செய்தான்? பயப்படாமல் பாய்ந்தான், அவ்வளவே. உவமை காளையை உயர்த்துகிற வேகத்தில் செத்தவனுக்கு வில்லன் வேடம் போட்டுவிடுகிறது. கொட்டகையில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது வசதி.

இந்த வசதி ஆங்கிலத்தில் ஹென்றி நியூபோல்ட் 1892-ல் எழுதிய கவிதையில் உச்சத்துக்குப் போனது. பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் தொடங்கும் அந்தப் பாட்டு, அடுத்த பத்தியிலேயே சூடான் பாலைவனப் போருக்குப் போய்விடும். மைதானத்தில் கேப்டன் சொன்ன ஊக்கச் சொல்லையே, மணல் இரத்தத்தில் நனையும் இடத்திலும் ஒரு பையன் கூவுகிறான். ஆட்டம் போருக்கு உருவகம், போர் ஆட்டத்துக்கு உருவகம். அந்தப் பாலைவனத்தில் எதிரே நின்ற சூடானியருக்கு அந்தப் பாட்டில் முகமே கிடையாது.

நம் கிரிக்கெட் பேச்சில் இன்று ஓடுவதும் அந்த இரத்தம்தான். 2021 அக்டோபர் 15 அன்று துபாயில் சென்னை அணி கோப்பையை வென்ற இரவு, வளைகுடா முழுவதும் நம் ஆட்களின் ஸ்டேட்டஸில் எத்தனை சிங்கம், எத்தனை வேட்டை, எத்தனை சம்பவம்! நானும் விசில் அடித்தேன். குறை சொல்ல எனக்கு உரிமை குறைவு. ஆனால் அந்தச் சிங்கங்களில் ஒன்றாவது, பந்து மட்டையின் நடுவில் பட்ட அந்தக் கணத்தைக் காட்டியதா? வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, படமில்லாத இடத்தில் சொல் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பது தெரியும். தொலைக்காட்சி வந்தபின் படம் அசைவைக் காட்டிவிடுகிறது, வர்ணனைக்கு மிஞ்சியது ஆளைப் புகழ்வது மட்டும்.

திரிகூடராசப்பக் கவிராயரிடம் வசந்தவல்லி பந்தடிக்கிற இடத்தை நேரம் இருப்பவர்கள் குற்றாலக் குறவஞ்சியில் எடுத்துப் படியுங்கள். அவள் கைவளைகள் குலுங்குவது ‘வெற்றி வெற்றி’ என்று முழங்குவது போலக் கேட்கும். பந்து துள்ளுகிற தாளத்திலேயே பாட்டும் துள்ளும். அங்கே உவமையைவிடச் சந்தம்தான் பந்து ஆடுகிறது. அதைத் தனியே பேச வேண்டும்.

எனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இதுவரை சொன்னதெல்லாம் அசைகிற விளையாட்டு. அசையாத விளையாட்டுக்கு என்ன செய்வது? 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சதுரங்கப் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். சமனில் முடியப்போகிறது என்று பார்த்தவர்கள் எல்லாம் எண்ணியிருந்த நேரத்தில், 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டார். எதிரே நம் குகேஷ், 18 வயது. அவர் அதைக் கண்டுகொண்ட நொடியை நீங்களும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். கை எதுவும் செய்யவில்லை. முகத்தில் மட்டும் என்னவோ ஓடியது. எல்லாம் முடிந்தபின் கண்ணீரோடு உட்கார்ந்து, காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் எடுத்து அடுக்கினார். அந்த அடுக்கலுக்கு வேண்டுமானால் ஓர் உவமை கிடைத்துவிடலாம். அதற்கு முந்தைய நொடிக்கு? வினை என்று ஒன்றுமே வெளியில் இல்லாத இடத்தில் வினையுவமை எங்கிருந்து வரும்?

பத்தேகால் ஆகிவிட்டது. மண்டபத்தைப் பதினொன்றுக்கு முன் ஒப்படைக்க வேண்டுமாம். குகேஷுக்கு உவமை தோன்றியவர்கள் முதலில் எழுந்து சொல்லுங்கள், மற்ற கேள்விகளை அதற்கப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.